புட்டிக்குள் முளைத்த பெரணி! டாக்டர் வார்டின் அதிசயக் கதை

லண்டன் மாநகரில் ஒரு டாக்டர் இருந்தார். பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்ப்பார். ஓய்வு நேரத்தில் செடி வளர்ப்பார். ஆனால், அவர் ஆசை ஆசையாக நட்ட செடிகள் எல்லாம் கருகிச் செத்தன.

ஒரு நாள், அவர் நடாத செடி ஒன்று, அவர் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. ஒரு கண்ணாடிப் புட்டிக்குள்!

அது பூக்காத செடி. காய்க்காத செடி. விலைக்குக் கேட்பார் இல்லாத செடி. ஆனால், அந்தச் செடி காட்டிய வழியில்தான் தேயிலையும் ரப்பரும் கொய்னா மரமும் கடல் கடந்தன.

அந்த டாக்டரின் பெயர் நத்தானியல் பாக்ஷா வார்டு. அந்தச் செடியின் பெயர் பெரணி.

கப்பலில் போன சிறுவன்

வார்டு 1791-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையும் டாக்டர்.

வார்டுக்கு 13 வயது ஆனபோது, கப்பலில் ஜமைக்கா தீவுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. ஜமைக்கா வெப்பமான நாடு. மழை மிகுந்த மலைக்காடுகள் அங்கே உண்டு. பனைக் குடும்பத்து மரங்களும், மரத்தடி நிழலில் விசிறிபோல விரிந்து நிற்கும் பெரணிகளும் அந்தச் சிறுவனின் மனதைக் கவர்ந்துவிட்டன.

ஊருக்குத் திரும்பிய வார்டு, தந்தையைப் போலவே வைத்தியம் படித்தார். டாக்டர் ஆனார். தந்தை வைத்தியம் பார்த்த இடத்திலேயே தாமும் தொழில் நடத்தினார். ஆனால், சிறு வயதில் பிடித்த செடி ஆசை மட்டும் அவரை விடவே இல்லை.

புகை தின்ற தோட்டம்

வார்டின் வீடு, லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில், வெல்குளோஸ் சதுக்கம் என்ற இடத்தில் இருந்தது. துறைமுகத்துக்கு அருகே உள்ள இடம் அது. சுற்றிலும் தொழிற்சாலைகள். ஏழைத் தொழிலாளர்களின் நெருக்கமான வீடுகள்.

அந்தக் காலத்தில் லண்டனில் எல்லாவற்றுக்கும் நிலக்கரிதான். தொழிற்சாலையிலும் நிலக்கரி. வீட்டு அடுப்பிலும் நிலக்கரி. குளிர் காயவும் நிலக்கரி. ஆயிரக்கணக்கான புகைபோக்கிகள் இரவும் பகலும் கரியைக் கக்கின.

வீட்டின் பின்புறம் வார்டு கற்களை அடுக்கி, சிறிய பாறைத் தோட்டம் ஒன்றை அமைத்தார். மேலே ஒரு குழாயை வைத்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தார். கல் இடுக்குகளில் பெரணிகளையும் பாசிகளையும் நட்டார்.

நிழல் இருந்தது. ஈரம் இருந்தது. நல்ல மண் இருந்தது. ஆனாலும் செடிகள் பிழைக்கவில்லை. புகை அவற்றைக் கொன்றுவிட்டது! மறுபடியும் நட்டார். மறுபடியும் செத்தன. கடைசியில், மனம் உடைந்து அந்த முயற்சியையே விட்டுவிட்டார்.

புழுவுக்கு வைத்த புட்டி

1829-ம் ஆண்டு கோடைக் காலம்.

வார்டுக்குப் பூச்சிகளைப் பற்றி ஆராய்வதிலும் விருப்பம் உண்டு. ஒரு கூட்டுப்புழு எப்படி அந்துப்பூச்சியாக மாறுகிறது என்று பார்க்க நினைத்தார். அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். அதில் ஈரமான மண்ணைப் போட்டார். கூட்டுப்புழுவை மண்ணில் புதைத்தார். புட்டியை மூடியால் மூடி வைத்தார்.

தினமும் புட்டியைக் கவனித்தபோது, ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. வெயில் ஏறும் நேரத்தில் மண்ணின் ஈரம் ஆவியாக எழும்பியது. அந்த ஆவி கண்ணாடியில் பட்டு, முத்து முத்தாகத் துளிர்த்தது. பிறகு வழிந்து மண்ணிலேயே இறங்கியது. வெளியே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மண் எப்போதும் ஈரமாக இருந்தது. புட்டிக்குள் குட்டி மழை!

கூட்டுப்புழு பூச்சியாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருந்தது. அப்போது மண்ணின்மேல் இரண்டு பச்சைத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. ஒன்று, சாதாரணப் புல். மற்றொன்று, பெரணி!

வார்டு திகைத்துப்போனார். எத்தனையோ வருஷம் பாடுபட்டும் வளராத செடி, மூடிய புட்டிக்குள் தானாக முளைத்திருக்கிறதே!

அவர் யோசித்துப் பார்த்தார். பெரணிக்கு என்ன வேண்டும்? ஈரமான காற்று, மிதமான வெளிச்சம், கரி படியாத சுத்தம். இந்த மூன்றும் புட்டிக்குள் இருந்தன. புகை மட்டும் உள்ளே போக முடியவில்லை. அதுதான் ரகசியம் என்று அவருக்குப் பளிச்சென்று விளங்கியது.

புட்டியைத் தம் அறையின் வடக்கு ஜன்னலுக்கு வெளியே வைத்தார். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. புல்லும் பெரணியும் ஏறத்தாழ 4 வருஷம் உயிரோடு இருந்தன. அந்த 4 வருஷமும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பெரணி வருஷந்தோறும் புதிய இலைகளை விட்டது. புல் ஒரு முறை பூத்தது.

ஒரு சமயம் வார்டு வெளியூர் போயிருந்தார். அப்போது மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கிவிட்டது. செடிகள் செத்தன. செடிகள் போனாலும், அவை சொல்லிக் கொடுத்த பாடம் போகவில்லை.

விதை இல்லாமல் முளைத்தது எப்படி?

யாரும் விதைக்காத பெரணி, புட்டிக்குள் எப்படி வந்தது?

பெரணிக்கு விதையே கிடையாது. முற்றிய பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்து, சிலர் அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். அது பூச்சி அல்ல. அந்தப் புள்ளிகளுக்குள் வித்துத்தூள் இருக்கிறது. தூசியைவிட நுண்ணிய தூள். காற்றில் பறந்து எங்கும் போகும்.

அந்தத் தூள் ஈர மண்ணில் விழுந்தால், உடனே பெரணி முளைத்துவிடாது. முதலில் நகத்தளவு சிறிய, மெல்லிய பச்சைத் தகடு ஒன்று உண்டாகும். பெரும்பாலும் இதயத்தின் வடிவில் இருக்கும். அதன் அடியில் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகும். ஆண் அணு, ஈரத்தில் நீந்திச் சென்றுதான் பெண் அணுவை அடைய வேண்டும். அப்படிச் சேர்ந்த பிறகே உண்மையான பெரணி எழும்பும். 1851-ல் ஹோப்மைஸ்டர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த வாழ்க்கைச் சக்கரத்தைத் தெளிவாக விளக்கினார்.

ஈரம் காய்ந்தால் பெரணிக்குப் பிள்ளைப்பேறு இல்லை! அதனால்தான் அது நிழலையும் ஈரத்தையும் தேடுகிறது. நம் ஊர்ப் பழைய கிணறுகளின் உள்சுவரில், கல் இடுக்குகளில் பெரணி தொங்குவதும் இதனால்தான்.

கடலில் செத்த செடிகள்

புட்டிக்குப் பிறகு, வார்டு மரச் சட்டத்தில் கண்ணாடி பதித்துப் பெட்டிகள் செய்யச் சொன்னார். லண்டனில் ஹாக்னி என்ற இடத்தில், லாடிஜஸ் குடும்பத்தாரின் பெரிய செடிப் பண்ணை இருந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் லாடிஜஸ் வார்டின் நண்பர். இருவரும் சேர்ந்து பலவகைச் செடிகளைப் பெட்டிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். நன்றாக வளர்ந்தன.

அப்போது வார்டுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. செடியைக் கப்பலில் அனுப்பினால் என்ன?

அந்தக் காலத்தில் செடிகளைக் கடல் கடந்து கொண்டுபோவது பெரும்பாடு. பாய்மரக் கப்பல் பயணம் மாதக் கணக்கில் நீளும். மேல்தளத்தில் வைத்தால், உப்புநீர்த் திவலை பட்டுச் செடி கருகும். கீழ்த்தளத்தில் வைத்தால், வெளிச்சம் இல்லாமல் வெளிறிச் சாகும். குடிநீரோ கப்பலில் அளவாகத்தான் இருக்கும். மாலுமிகள் குடிப்பதா, செடிக்கு ஊற்றுவதா?

லாடிஜஸ் பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து 20 செடிகள் புறப்பட்டால், 19 செடிகள் வழியிலேயே மாண்டுபோகும்.

உலகத்தைச் சுற்றிய சோதனை

1833-ம் ஆண்டு. வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணி, பாசி, புல் வகைகளை நட்டார். பெட்டியை இறுக மூடினார். பெர்சியன் என்ற கப்பலில் ஏற்றி, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். கப்பலின் கேப்டன் சார்லஸ் மல்லார்ட்.

பெட்டிகள் மேல்தளத்தில் வைக்கப்பட்டன. கண்ணாடி வழியாக வெளிச்சம் கிடைத்தது. உப்புநீர் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரமே சுற்றிச் சுற்றி மழையாகப் பெய்தது.

பல மாதம் ஆகிக் கப்பல் போய்ச் சேர்ந்தது. செடிகள் உயிரோடு இருந்தன. கேப்டன் மகிழ்ச்சியோடு வார்டுக்குக் கடிதம் எழுதி அந்தச் செய்தியைத் தெரிவித்தார்.

சோதனை அதோடு முடியவில்லை. 1834-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும் வழி மிகவும் கொடியது. தென் அமெரிக்காவின் தென்கோடியைக் கப்பல் சுற்றியபோது வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கியது. 32 டிகிரியிலேயே தண்ணீர் உறைந்துவிடும். கப்பல் தளத்தில் உறைபனி மூடியது. பூமத்திய ரேகையைத் தாண்டியபோது, தளத்தில் 120 டிகிரி வெயில் கொளுத்தியது.

8 மாதம் கழித்து, நவம்பர் மாதத்தில் கப்பல் லண்டன் வந்தது. வார்டும் லாடிஜசும் கப்பலுக்கு ஓடினார்கள். பெட்டிக்குள் செடிகள் பச்சைப் பசேல் என்று இருந்தன! அதுவரை இங்கிலாந்துக்கு உயிரோடு வராத ஆஸ்திரேலியப் பெரணி ஒன்றும் அவற்றில் இருந்தது. பயணத்தின்போது மண்ணில் புதிதாக முளைத்த கன்றுகளும் இருந்தன!

1838-ல் மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, லண்டனில் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். 1842-ல் வார்டு இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முன்பு 20 செடிகளில் 19 செத்தன. இப்போது 19 பிழைத்தன. கணக்கு தலைகீழாக மாறிவிட்டது!

தேயிலை, ரப்பர், கொய்னா

அதன் பிறகு வார்டின் பெட்டி ஏறாத கப்பல் இல்லை என்று ஆயிற்று.

ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனர்போல வேஷம் போட்டுக்கொண்டு, சீனாவின் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். 1848 முதல் 1851 வரை அங்கே சுற்றினார். ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இந்தப் பெட்டிகளில் வைத்து, இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பினார்.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக் காடுகளில் வளர்ந்தது. 1876-ல் அங்கிருந்து சுமார் 70 ஆயிரம் விதைகள் லண்டன் அருகே உள்ள கியூ தோட்டத்துக்கு வந்தன. மிகச் சிலவே முளைத்தன. அந்தக் கன்றுகளில் 1,900-க்கு மேற்பட்டவை, வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பிற்காலத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே விடியும் முன்னே எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர், தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள்.

நீலகிரிக்கும் இந்தப் பெட்டி வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கிறது. அந்த மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்தது. 1860-ல் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிலிருந்து பெட்டிகளில் கன்றுகளைக் கொண்டுவந்தார். வழியில் கடும் வெப்பம் தாக்கியது. ஊட்டிக்கு வந்த கன்றுகள் பிழைக்கவில்லை. ஆனாலும் முயற்சியை விடவில்லை. 1861-ல் ஈக்வடாரிலிருந்து வேறு கன்றுகள் வந்தன. அவை வேர் பிடித்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

ஆசை அழித்த பெரணி

நன்மை மட்டும் நடக்கவில்லை. கெடுதலும் நடந்தது.

பிரேசில் காட்டு ரப்பரின் வியாபாரம் படுத்துவிட்டது. செடியோடு மண்ணும் போனதால், பூச்சிகளும் நோய்களும் நாடு விட்டு நாடு பரவின. பிற்காலத்தில் பல நாடுகள், மண்ணோடு செடி கொண்டுவருவதற்குத் தடை போட்டன.

பெரணிக்கே ஆபத்து வந்தது! 1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கியது. கண்ணாடி மலிவானது. வசதியான வீடுகளின் கூடங்களில் எல்லாம் பெரணிப் பெட்டி வைப்பது நாகரிகம் ஆயிற்று. ஆண்களும் பெண்களும் கூடை எடுத்துக்கொண்டு காடு மலைகளில் பெரணி தேடினார்கள். 1855-ல் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி, இந்த மோகத்துக்குப் பெரணிப் பைத்தியம் என்றே பெயர் வைத்தார்.

அயர்லாந்தில் கில்லார்னி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் பெரணி ஒன்று உண்டு. அதன் இலை கண்ணாடிக் காகிதம்போல மெல்லியது. அருவிச் சாரலில்தான் வாழும். வார்டும் அதை விரும்பிப் புட்டியில் வளர்த்தார். வியாபாரிகளும் சேகரிப்பவர்களும் அதை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, அந்த இனமே அற்றுப்போகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர் முழுவதும் ஆசைப்பட்டதால் வந்த ஆபத்து அது!

ஏழைகளுக்காக

வார்டு வேறு ஒன்றை விரும்பினார். அவரிடம் வந்த நோயாளிகளில் பலர், இருட்டு வீடுகளில் புகை சூழ வாழ்ந்தவர்கள். வெளிச்சமும் நல்ல காற்றும் செடிக்கு எவ்வளவு அவசியமோ, மனிதனுக்கும் அவ்வளவு அவசியம் என்று அவர் எடுத்துக் கூறினார். ஏழையின் ஜன்னலிலும் ஒரு பெரணிப் பெட்டி இருக்க வேண்டும், அதற்குப் பெரிய செலவு தேவை இல்லை என்று புத்தகத்தில் எழுதினார்.

தம் கண்டுபிடிப்பை அவர் விற்கவில்லை. யார் கேட்டாலும் விளக்கினார். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய மூடிய புட்டித் தோட்டம் வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். 1852-ல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1868-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி அவர் காலமானார்.

நம் வீட்டில் பெரணி

வார்டு கண்ட உண்மை இன்றும் பயன்படும். செடி எங்கே பிறந்ததோ, அந்த இடத்தைப்போல நம் வீட்டிலும் செய்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெரணியை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. தாழ்வாரம், மரத்தடி, வடக்கு ஜன்னல் ஆகியவை ஏற்ற இடங்கள். அதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடக் கூடாது. வெளிச்சம் வேண்டும். வெயில் வேண்டாம்.

தொட்டியின் அடியில் செங்கல் துண்டுகளைப் போடுங்கள். மேலே மக்கிய இலை உரமும் மணலும் கலந்த பொலபொலப்பான மண்ணைப் போடுங்கள். இலைகள் கிளம்பும் குருத்தை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள். அழுகிவிடும். மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. இலை நுனி பழுப்பாகக் கருகினால், பெரும்பாலும் காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். தொட்டியைச் சுற்றித் தண்ணீர் தெளியுங்கள்.

புட்டியிலும் வளர்க்கலாம். அகன்ற வாயுள்ள புட்டியில் கூழாங்கல், ஈர மண் போட்டு, சிறிய பெரணியை நட்டு மூடுங்கள். கண்ணாடி முழுவதும் நீர் கோத்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லையானால், ஈரம் அதிகம். சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். புட்டியை வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே வெந்துவிடும். செடியைக் காட்டிலிருந்து பிடுங்காமல், பண்ணையிலிருந்து வாங்குங்கள்.

மறுநாள் காலையில் குழந்தைகளைக் கூப்பிட்டுப் புட்டியைக் காட்டுங்கள். கண்ணாடியில் முத்து முத்தாக நீர் துளிர்த்திருக்கும். 1829-ல் டாக்டர் வார்டு கண்ட மழை அதுதான்!